பாராமெடிக்கல் படிப்பில் சேருமுன்: என்ன படிப்பு, யார் ஆசிரியர், எவ்வளவு கட்டணம்

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரத்தில் தமிழ்நாட்டுப் பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றி ஒரு வகை பேனர் முளைக்கும். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், "100 சதவீத வேலைவாய்ப்பு", கீழே இரண்டு செல்போன் எண்கள். லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்), எக்ஸ்ரே என்று எட்டுப் பத்துப் படிப்புகளின் பெயர் வரிசையாக இருக்கும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த நல்ல கல்லூரியும் அப்படித்தான் பேனர் வைக்கிறது. நகைக்கடை மாடியில் நாலு பெஞ்சு போட்டு நடத்துபவரும் அப்படித்தான் வைக்கிறார். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், பாராமெடிக்கல் ஆட்கள் என்றால் யார்? நெஞ்சுவலி என்று ஒருவர் நடுராத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸில் அவரோடு வந்தவர் அவசர மருத்துவ டெக்னீஷியன். ஈ.சி.ஜி. எடுப்பவர் ஒருவர். இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவு பார்ப்பவர் லேப் டெக்னாலஜிஸ்ட். ஆஞ்சியோகிராம் அறையில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவர் கேத் லேப் டெக்னாலஜிஸ்ட். பைபாஸ் வரை போய்விட்டால், இதயம் நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் ரத்தத்தை இயந்திரம் வழியாக ஓடவைப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். ஆபரேஷன் முடிந்து அவரை மூச்சுப் பயிற்சி செய்யவைத்து, வராந்தாவில் நடக்கவைப்பவர் பிசியோதெரபிஸ்ட். உப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்பவர் டயட்டீஷியன். கடைசியில் இதையெல்லாம் கோப்பாக்கி இன்சூரன்ஸுக்கு அனுப்புகிற மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஆள். வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு டாக்டர் பெயரும் நர்ஸ் முகமும்தான் ஞாபகம் இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் துணை மருத்துவத் துறை. பேச்சுவழக்கில் பாராமெடிக்கல்.

வெகுகாலம் இவர்களுக்கென்று நாடு தழுவிய ஒரு சட்டம் இல்லை. டாக்டருக்குக் கவுன்சில் உண்டு, நர்ஸுக்கு உண்டு, பார்மசிஸ்டுக்கு உண்டு. லேப்பில் ரத்தம் சோதிப்பவருக்கு இல்லை. 2021இல்தான் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. லேப், கதிரியக்கம், பிசியோதெரபி, கண் பரிசோதனை, ஊட்டச்சத்து என்று 10 பிரிவுகளாகத் தொழில்களைப் பட்டியலிட்டு, தேசிய அளவில் ஓர் ஆணையமும் மாநிலங்களுக்கு ஒவ்வொரு கவுன்சிலும் அமைக்கச் சொல்கிறது அந்தச் சட்டம். நர்சிங்கும் பார்மசியும் இதில் வராது, அவை தனி.

சட்டத்தில் மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய ஓர் எண் இருக்கிறது: 2,000. ஒருவர் துணை மருத்துவப் பணியாளர் என்று ஏற்கப்பட வேண்டுமானால் அவர் படித்த டிப்ளமாவோ டிகிரியோ குறைந்தது 2,000 மணிநேரம் கொண்டதாக, 2 முதல் 4 ஆண்டுகளுக்குள் பரவியதாக இருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் போலத் தாமே நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் சுகாதாரத் தொழிலர்களுக்கு அது 3,600 மணிநேரம், 3 முதல் 6 ஆண்டுகள்.

இதை வைத்துக்கொண்டு பேனரைப் பாருங்கள். "ஆறு மாத டிப்ளமா" என்கிறார்களா? மாதம் 26 நாள், நாளுக்கு 6 மணிநேரம், ஒரு நாள் விடாமல் நடத்தினாலும் 936 மணிநேரம்தான் வரும். பாதிகூட இல்லை. அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தெரு லேப்பில் வேலை கிடைக்கலாம். கவுன்சிலில் பதிவு என்ற பேச்சு வரும்போதுதான் சிக்கல்.

அரசு மருத்துவக் கல்லூரிகளே நடத்தும் ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளும் இருக்கின்றன: தியேட்டர் டெக்னீஷியன், ஈ.சி.ஜி. டெக்னீஷியன், டயாலிசிஸ் டெக்னீஷியன் என்று. பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் நோயாளிகளோடு கற்பதால் இவற்றில் பயிற்சி திடமாகவே இருக்கும், கட்டணமும் குறைவு. வீட்டு நிலைமை காரணமாகச் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு இது ஒரு வழி. ஆனால் புதிய சட்டத்தின் அளவுகோலுக்கு ஓராண்டு போதாது என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

டிப்ளமாவில் நன்கு அறியப்பட்டது டி.எம்.எல்.டி., இரண்டு ஆண்டு லேப் படிப்பு. டிகிரி என்றால் பி.எஸ்சி.யில் கதிரியக்கம், இதயத் தொழில்நுட்பம், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டரும் மயக்கவியலும், தீவிர சிகிச்சை, சுவாச சிகிச்சை, விபத்து அவசர சிகிச்சை, பிசிஷியன் அசிஸ்டன்ட் என்று நிறைய. பொதுவாக மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். பி.பி.டி. எனப்படும் பிசியோதெரபி நீண்டகாலமாக நாலரை ஆண்டு. ஆணையத்தின் புதிய பாடத்திட்டம் அதை இன்டர்ன்ஷிப்போடு 5 ஆண்டாக்குகிறது. "மூணு வருஷம்தான்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு இன்டர்ன்ஷிப் ஆண்டைப் பற்றி வாய் திறக்காத இடங்கள் உண்டு. நான்காவது ஆண்டு ஹாஸ்டல் செலவு அப்போதுதான் வீட்டுக்குத் தெரியவரும்.

தபால் வழியில் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: முடியாது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் நிறுத்திவிட்டது. உளவியல், ஊட்டச்சத்து போன்றவையும் அதில் அடங்கும்.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு விட்டுத்தரும் இடங்களும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சிலிங் வழியாக நிரப்பப்படுகின்றன. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. தாவரவியல், விலங்கியல் தனித்தனியாகப் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலான படிப்புகளில் கதவு மூடியிருக்கும். விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் என்பதால், அண்ணன் சேர்ந்த ஆண்டின் கதையை நம்பாமல் இந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைப் படியுங்கள். தனியார் கல்லூரி என்றால் அது சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கிறதா, அல்லது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கிளையா என்று பாருங்கள். அதிலும் கல்லூரிக்கு இணைப்பு இருந்தால் போதாது, நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு இருக்க வேண்டும். நர்சிங்குக்கு அனுமதி வாங்கிவிட்டு அதே போர்டின் கீழே டயாலிசிஸையும் ஓட்டுவது நடக்காத காரியம் அல்ல.

சரி, ஆசிரியர்களுக்கு வருவோம். கல்லூரி பார்க்கப் போகும் குடும்பங்கள் கட்டடத்தைப் பார்க்கும், ஹாஸ்டல் சாப்பாட்டை விசாரிக்கும், பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கும். "யார் பாடம் எடுக்கிறார்கள்?" என்று கேட்பவர் அபூர்வம். என் கணக்கில் மற்றக் கேள்விகளைவிட இதற்குத்தான் எடை அதிகம்.

நல்ல கல்லூரியில் மூன்று விதமான ஆசிரியர்கள் இருப்பார்கள். உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல் போன்ற அடிப்படைப் பாடங்களுக்கு டாக்டர்கள் அல்லது மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ்சி. முடித்தவர்கள். அடுத்து, அந்தத் துறையிலேயே படித்து வளர்ந்தவர்கள். டயாலிசிஸ் வகுப்புக்கு டயாலிசிஸ் படித்தவர், எக்ஸ்ரேக்கு எக்ஸ்ரே படித்தவர். மூன்றாவது ஆள்தான் பிரசுரங்களில் வராதவர்: வார்டிலும் லேப்பிலும் மாணவர் பக்கத்தில் நின்று, "ஊசியை இன்னும் சாய்த்துப் பிடி" என்று சொல்கிற சீனியர் டெக்னீஷியன்.

மோசமான இடங்களில் முதல் வகை விசிட்டிங் கார்டில் மட்டும் இருக்கும். இரண்டாம் வகைக்குப் பதிலாகப் போன வருடம் அதே கல்லூரியில் முடித்த பையன் வகுப்பெடுப்பார். மூன்றாம் வகை இருக்கவே இருக்காது.

இது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு லேப்பிலிருந்து ஓர் உதாரணம். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். அதற்கு மேலே ஏற ஏற இதயத் துடிப்புக்கு ஆபத்து. இப்போது ஒரு மாணவர் ரத்தம் எடுக்கிறார். மெல்லிய ஊசி, சிரிஞ்சை வேகமாக இழுக்கிறார், பிறகு டியூபைப் போட்டுக் குலுக்குகிறார். சிவப்பணுக்கள் உடைகின்றன. அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல 20 மடங்குக்கும் மேல். அது சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் திரவத்தில் கலந்துவிடும். ரிப்போர்ட்டில் 6.5 என்று வரும். நோயாளிக்கு ஒன்றுமில்லை, டாக்டர் பதறுவார்.

இன்னொரு வழியிலும் இதே பிழை வரும். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருக்கும் ஈ.டி.டி.ஏ. என்பதே பொட்டாசியம் உப்பு. ஊதா டியூபை நிரப்பிவிட்டு, மீதியைச் சீரம் டியூபில் ஊற்றினால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். அதனால்தான் டியூப்களுக்கு ஒரு வரிசை உண்டு. நீல மூடி முதலில், சீரத்துக்கான சிவப்பு அல்லது மஞ்சள் அடுத்து, அப்புறம் பச்சை, ஊதா, சர்க்கரைக்கான சாம்பல் நிறம் கடைசியில். நீல டியூபில் கோடு வரை நிரப்பியே ஆக வேண்டும். அதில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு என்பது கணக்கு. இந்த வரிசையைப் புத்தகத்தில் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். அழுகிற குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது அதை மாற்றாமல் செய்ய, நூற்றுக்கணக்கான முறை பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்திருக்க வேண்டும். அந்த ஒருவரின் சம்பளம்தான் உங்கள் கட்டணத்தில் உருப்படியான பகுதி.

எக்ஸ்ரே, சி.டி. பக்கம் போகிறவர்கள் ஒரே ஒரு பொருளைக் கேட்டாலே கல்லூரியின் லட்சணம் தெரிந்துவிடும்: டி.எல்.டி. பேட்ஜ். கதிர்வீச்சு உள்ள அறையில் வேலை செய்பவர் நெஞ்சில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும் சின்ன அட்டை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கு அனுப்பி, எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்குப் பார்ப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புப்படி பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் போகக்கூடாது. 16 முதல் 18 வயதுள்ள பயிற்சி மாணவருக்கு 6தான். பிளஸ் டூ முடித்ததும் சேர்பவர்களில் பலர் 17 வயதுக்காரர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "பேட்ஜ் எல்லாம் வேலைக்குப் போன பிறகுதான்" என்று பதில் வந்தால், இரண்டில் ஒன்று நடக்கிறது: மாணவர்களைப் பாதுகாப்பில்லாமல் அறைக்குள் விடுகிறார்கள், அல்லது அறைக்குள் விடுவதே இல்லை. இரண்டுமே ஆகாது.

டயாலிசிஸுக்கும் இதுபோல ஒரு கேள்வி உண்டு. ஒரு நோயாளிக்கு 4 மணிநேரம், நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் டயாலிசிஸ் திரவம் ஓடினால், ஒரு தடவைக்கு 120 லிட்டர். நோயாளியின் ரத்தத்தோடு ஒரு மெல்லிய சவ்வு மட்டும் இடையில் இருக்க, இவ்வளவு தண்ணீர் ஓடுகிறது. ஆகவே தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறைதான் அந்தப் பிரிவின் உயிர். கல்லூரியைச் சுற்றிக் காட்டுபவரிடம் மெஷினை அல்ல, ஆர்.ஓ. அறையைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் அங்கே தண்ணீர்ச் சோதனை செய்து எழுதிய பதிவேடு இருந்தால் நல்ல இடம்.

சொந்த ஆஸ்பத்திரி உள்ள கல்லூரிக்கு இதில் இயல்பாகவே ஒரு கை மேல். சொந்தமாக இல்லாதவை ஏதாவது ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். ஒப்பந்தம் தவறில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை படுக்கை, வாரத்தில் எத்தனை நாள் போஸ்டிங் (ஆஸ்பத்திரிப் பயிற்சி), கூட வருவது யார் என்று கேட்டால் சட்டென்று பதில் வர வேண்டும். முப்பது படுக்கை நர்சிங் ஹோமில் நாலு கல்லூரி மாணவர்கள் ஒரே நாளில் போய் நின்றால், கை கட்டி வேடிக்கைதான் பார்க்க முடியும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை டீக்கடையில் பிடித்து, "இதுவரை நீங்களே எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். யோசித்து, சிரித்து, மழுப்பினால் பதில் கிடைத்துவிட்டது.

கட்டணத்துக்கு வருவோம். அரசு இடங்களில் டியூஷன் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். தனியாரில் படிப்பையும் ஊரையும் பொறுத்துப் பல மடங்கு விரியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். கல்லூரிக்குக் கல்லூரி, ஆண்டுக்கு ஆண்டு மாறும் இந்த எண்ணைவிட, அந்த எண்ணுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பதே கேட்க வேண்டியது.

போனில் சொல்வது டியூஷன் ஃபீஸ். சேர்ந்த பிறகு பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம், தகுதிச் சான்று, தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், கோட்டு, ரெக்கார்ட் நோட்டு, லேப் கட்டணம், வேன், ஹாஸ்டல் என்று ஒவ்வொன்றாக வரும். இதில் எனக்கு எரிச்சலூட்டுவது "போஸ்டிங் ஃபீஸ்" என்று தனியாக வாங்குவது. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குத்தானே படிப்பே! ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டியூஷன் ஆண்டுக்கு 70,000 என்று ஒரு கல்லூரி சொல்கிறது. மூன்று ஆண்டுக்கு 2,10,000. மற்றக் கட்டணங்கள் ஆண்டுக்கு 15,000 என்றால் 45,000. ஹாஸ்டலும் சாப்பாடும் மாதம் 6,000 வீதம் ஆண்டுக்குப் பத்து மாதம், மூன்று ஆண்டுக்கு 1,80,000. இன்டர்ன்ஷிப் ஆண்டில் உதவித்தொகை இல்லை என்றால் அந்தப் பன்னிரண்டு மாதம் 72,000. மொத்தம் 5,07,000. போனில் கேட்ட எண்ணைப்போல ஏழு மடங்கு. இது கற்பனைக் கணக்குதான், ஆனால் தலைப்புகள் எதுவும் கற்பனை இல்லை. இன்டர்ன்ஷிப்பில் பணம் தருவார்களா, அல்லது அதற்கும் நம்மிடம் வாங்குவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இந்தத் தொகையை முதல் வேலையின் சம்பளத்தோடு வைத்துப் பார்க்காமல் கடன் வாங்காதீர்கள். சின்ன ஊர்களின் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் புதிதாக வரும் டெக்னீஷியனுக்கு இருபதாயிரம்கூடத் தருவதில்லை. பெர்ஃப்யூஷன், கேத் லேப் போன்ற சிறப்புத் துறைகளிலும் வெளிநாட்டு வேலைகளிலும் நிலைமை வேறு. அங்கே போக நல்ல கல்லூரியின் டிகிரியும் சில ஆண்டு அனுபவமும் வேண்டும். அரசு வேலை மனதில் இருந்தால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யின் பழைய அறிவிக்கைகளை எடுத்து, நீங்கள் விரும்பும் பதவிக்குக் கல்வித்தகுதி என்று போட்டிருக்கும் வரியை மட்டும் வாசியுங்கள். எந்தப் படிப்பு, யாருடைய அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் என்று அதில் தெளிவாக இருக்கும். உங்கள் கல்லூரி அந்த வரிக்குள் வராவிட்டால், டிகிரியே பெற்றாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்.

உதவிகளும் இருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. வங்கிக் கல்விக் கடனும் கிடைக்கும், கல்லூரியும் படிப்பும் அங்கீகாரம் பெற்றிருந்தால். இதில் ஒரு சின்ன லாபம் உண்டு: உங்களுக்காகக் கல்லூரியின் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலையை வங்கி மேனேஜர் செய்துவிடுவார். அவர் தயங்கினால் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மானியக் குழுவின் விதி. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும். படிப்பை விட்டு விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் விதிகள் உண்டு. நடைமுறையில் "டி.சி. இங்கேதான் இருக்கும், முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கோங்க" என்று மிரட்டும் அலுவலகங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்டின் நகல்களோடு போங்கள். முதல் நாளே மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டும்போது ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். இணைப்புச் சான்றில் உள்ள கல்லூரிப் பெயர்தான் ரசீதிலும் இருக்க வேண்டும். ஏதோ டிரஸ்ட் பெயரில், "நன்கொடை" என்று போட்டுத் தந்தால் அது கல்விக் கட்டணம் ஆகாது, வங்கியும் கடனில் சேர்க்காது. படிப்பின் முழுப் பெயர், கல்வியாண்டு, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் "அதெல்லாம் அப்புறம் தர்றோம்" என்றால், பணத்தையும் அப்புறமே கட்டிக்கொள்ளலாம்.